பன்றி நின்ற இடம்

காட்டுப்பன்றிகூடப் பயப்படாத ஜமீன்தார் ஒருத்தர் இருந்தார். ஒருநாள் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வேட்டைக்குப் போய், மூன்று முறை சுட்டார். பன்றி நின்று பார்த்துவிட்டு நிதானமாகப் போய்விட்டது.

அந்தக் கோபமெல்லாம் சன்னாசி மேல் திரும்பியது. கம்பியில் துணி சுற்றி, எண்ணெயும் குருந்தக்கல்லை அரைத்த பொடியும் தடவி, துப்பாக்கிக் குழலின் உட்புறத்தை வழவழவென்று தேய்த்துக் கொடுப்பதுதான் அவன் வேலை.

"உள்ளே ஒழுங்காத் தேய்க்கலே. எங்கே குறி வெச்சாலும் குண்டு விலகித்தான் போகுது. இவன் கையை உடைங்கடா!"

அவனைத் தூணில் கட்டினார்கள். உலக்கையும் வந்துவிட்டது. அவன் பெண்டாட்டி சீனியம்மா இடுப்பில் பால்குடிப் பிள்ளையோடு ஓடிவந்தாள். அழுது பார்த்தாள். காலில் விழுந்து பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சாமி சொன்னாச் சரிதான். குறி வெச்ச இடத்துக்குக் குண்டு போகாத துப்பாக்கி இது. அப்போ அந்தப் பன்னி நின்ன இடத்துல சாமி போய் நில்லுங்க. இவரு உங்களையே குறி வெச்சுச் சுடட்டும். குண்டு விலகிப் போறதை ஊரே பாக்கட்டும்."

ஜமீன்தார் நாற்காலியை விட்டு அசையவில்லை. விருந்தாளிகள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"குழல் நல்லாத்தான் இருக்கு. அவுத்து விடுங்கடா" என்று ஜமீன்தார் முனகினார்.

புருஷனும் பெண்டாட்டியும் வாசலைக்கூடத் தாண்டவில்லை. உள்ளேயிருந்து மறுபடியும் அதே குரல் கேட்டது.

"அப்போ வெடிமருந்துதான் கெட்டுப்போச்சு. மருந்து இடிக்கிறவனை இழுத்துட்டு வாங்கடா!"

ஜமீனுக்கு மருந்து இடிப்பவன் சீனியம்மாவின் கூடப்பிறந்த தம்பி.