ராஜா ஊட்டிய நெய்ச்சோறு

முன்னொரு காலத்தில் கருவேலங்குடி நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நினைத்தது நடக்காவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அப்பேர்ப்பட்டவருக்கும் ஒன்று மட்டும் நினைத்தபடி நடக்கவில்லை. அவருடைய ஒரே மகள், தாயில்லாப் பெண் பூங்கோதைக்குப் பிறவியிலேயே கால் விளங்கவில்லை. அவள் நடக்கும் நாளுக்கென்று செய்து வைத்த கொலுசு பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அந்தக் கொலுசுச் சத்தம் என்றைக்காவது சபைக்கு வராதா என்று ராஜா ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமில்லை.

அரண்மனை வைத்தியர் தாண்டவராயருக்கு மந்திரி வேங்கடநம்பியைக் கண்டாலே ஆகாது. அவரை மட்டம் தட்ட இதுதான் சமயம் என்று ஒரு லேகியத்தோடு சபைக்கு வந்தார்.

“பிரபு, மந்திரியாரின் புத்தி செய்யாததை என் மருந்து செய்யும். இளவரசி நடப்பார். புது மருந்து, அதனால் முதலில் சத்திரத்தில் இருக்கும் கால் விளங்காத அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்ப்போம்.”

“உயிருக்கு ஆபத்து உண்டா?” என்று கேட்டார் மந்திரி.

“அதைத் தெரிந்துகொள்ளத்தானே கொடுக்கிறோம். ஏன் என்று கேட்க அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?”

ராஜாவின் காதில் கொலுசுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. “நாளைக்கே கொடும். குறுக்கே பேசுகிறவன் தலை இருக்காது” என்றார்.

மந்திரி குறுக்கே பேசவில்லை. “உத்தரவு, பிரபு. ஆனால் வெறும் வயிற்றில் மருந்து ஆகாது. பிள்ளைகள் மிரண்டிருக்கும். தங்கள் கையால் ஒரு வாய் நெய்ச்சோறு ஊட்டினால் அடங்கிச் சாப்பிடும்.”

மறுநாள் ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். ராஜா பிசைந்து ஊட்டினார். பாதம் வளைந்த சடைச்சி என்ற சிறுமி வாய் நிறையச் சோற்றோடு, “பூங்கோதை அக்காவுக்கும் இப்படித்தான் ஊட்டுவீங்களா?” என்று கேட்டாள். ராஜா அடுத்த வாய்க்கு இன்னும் கொஞ்சம் நெய் விட்டுப் பிசைந்தார்.

வைத்தியர் லேகியத்தைத் திறந்தார். மந்திரி மெல்லத் தொண்டையைச் செருமினார்.

“பிரபு, ராஜா தன் கையால் ஊட்டிய பிள்ளை ராஜாவின் பிள்ளை என்பது இந்த நாட்டு வழக்கம். தங்கள் பாட்டனாரும் அப்படி ஊட்டப்பட்ட பிள்ளைதான்; அரியணை ஏறியதே அந்த வழக்கத்தால்தான். இப்போது தங்களுக்கு ஆறு பிள்ளைகள். எந்தப் பிள்ளைக்கு முதலில் கொடுக்கலாம்?”

ராஜாவின் முகம் சிவந்தது. வழக்கத்தை மறுத்தால் அரியணையையே மறுத்ததாகும். சடைச்சியைப் பார்த்தார். அவள் கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

“வைத்தியரே, முதல் வாய் நீர் சாப்பிடும்.”

“எனக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது, பிரபு?”

“நல்ல காலைக் கெடுக்காது என்றாவது தெரியுமே” என்றார் மந்திரி.

வைத்தியருக்கு வேர்த்துக் கொட்டியது. “எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது, பிரபு.”

“எனக்கும் இருக்கிறதே, ஐயா” என்றார் ராஜா.

வைத்தியர் தலை கவிழ்ந்தது. “மருந்து தேடுவதை நிறுத்தாதீர். ஆனால் வரக்கூடிய கெடுதலை மறைக்காமல் சொல்லி, பிள்ளைக்கு வேண்டியவர்களும் பிள்ளையும் சம்மதிக்காமல் ஒரு துளியும் கொடுக்காதீர்” என்ற ராஜா, தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரி விரலில் போட்டார். பிறகு மகளிடம் போய், அதுவரை கேட்காததைக் கேட்டார்.

“உனக்கு என்னம்மா வேணும்?”

“நடக்க ஆசைதான்ப்பா. ஆனா அதுவரைக்கும் கூட விளையாட ஆள் வேணும்.”

சில நாள் கழித்துச் சபையில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. வெளியே கொலுசுச் சத்தம். ராஜா பதறி எழுந்தார். சக்கரம் வைத்த பலகையில் பூங்கோதை உட்கார்ந்திருக்க, சடைச்சி நொண்டி நொண்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். பலகை குலுங்கக் குலுங்க, மகள் காலில் கொலுசு சிணுங்கியது.

மகள் நடக்க வேண்டும் என்ற ராஜாவின் ஏக்கம் அன்றும் தீரவில்லை. ஆனால் அவர் இறங்கிப் போய், தானும் ஒரு கை கொடுத்துத் தள்ளினார்.