கிரைண்டரைப் போட்ட பிறகு

ஒயரிங் வேலை எடுத்துச் செய்யும் அமலோற்பவத்துக்கு ஒரே ஒரு சீடர். பெயர் என்னவோ குருசாமி. ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்தவர், அவளைவிட வயதில் நன்றாக மூத்தவர்.

"டீச்சர், நான் எப்போ தனியா வேலை எடுக்கலாம்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியோடுதான் அவருக்கு இப்போதெல்லாம் பொழுது விடிகிறது.

"பேச்சியம்மாக்கா வீட்டு லைனைப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

மீட்டர் பெட்டி ரோட்டோரம், வீடு தோப்புக்குப் பின்னால். இடையில் கேபிள் இழுத்தவர் குருசாமியேதான். இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். ஒரே அளவு காட்டியது.

"ஒரு வோல்ட்டுகூட இறங்கல, டீச்சர்!"

"வீட்டுல இப்போ என்ன ஓடுது?"

"ஒண்ணும் ஓடல."

அமலோற்பவம் வீட்டுக்காரியிடம் திரும்பினாள். "அக்கா, விளக்கையும் கிரைண்டரையும் போடுங்க."

கல் உறுமியது, சுற்றவில்லை. விளக்கு அழுது வடிந்தது. மல்டிமீட்டரில் எண் சரசரவென்று இறங்கியது. அமலோற்பவம் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள்.

பேச்சியம்மாள் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருக்குய்யா உம்ம வேலை! நாளைக்கு மகளுக்கு நிச்சயதார்த்தம். அண்டா நிறைய அரிசி ஊறுது. சம்பந்தி வீட்டுக்கு ஊறுன அரிசியையா அள்ளி வைக்க?"

குருசாமிக்கு முகம் சுண்டிப்போனது. டீச்சர் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மேலதான் தப்பு, தாயி. பல்புக்கும் ஃபேனுக்கும் மட்டும் கணக்குப் போட்டு மெலிசு கேபிளா இழுத்துட்டேன். சாயங்காலத்துக்குள்ள மாவு ஆட்டிரலாம்."

உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டார். கிரைண்டர் இழுக்கும் கரண்டையும் சேர்த்தார். போகிற கம்பி, திரும்புகிற கம்பி, இரண்டின் நீளத்தையும் கூட்டினார். மெல்லிய கேபிளை உருவிப் போட்டுவிட்டு, தடித்த கேபிளை இழுத்தார்.

கல் சுற்றியது. பேச்சியம்மாள் மாவைத் தொட்டுப் பார்த்தாள். "பஞ்சாட்டம் இருக்கு" என்று சிரித்தாள். இருவருக்கும் காப்பி வந்தது. அப்படியொரு காப்பியைக் குருசாமி குடித்ததே இல்லை.

கிரைண்டர் ஓடும்போதே மல்டிமீட்டரை வைத்தார்.

"இப்பவும் துளி இறங்குது, டீச்சர்."

"இறங்காத லைன் எங்க இருக்கு? ஓடுதுல்லா?"

"ஓடுது." தயங்கினார். "அப்போ நான் காலையில கேட்டது?"

அமலோற்பவம் காப்பியை ஊதிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா ஏசும்போது உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், அண்ணே. துளிதான் இறங்குனீங்க, நின்னுட்டீங்க. மாவு ஆட்ட அது போதும். இனி தனியா வேலை எடுங்க."