சி என்று எழுதிய பிராக்கெட்

"அம்மணி, இதுல நான் என்ன எழுத்தைத்தான் போடறது?"

கேட்டவர் சென்னியப்பன். கோவைப் பக்கம் உதிரிபாகம் செய்யும் ஒரு மெஷின் ஷாப்பில் தரப் பிரிவுக்குத் தலைவர். வயது ஐம்பத்து மூன்று.

கேள்வி போனது நஸ்ரீனிடம். உதிரிபாக வரைபடங்களை வைத்திருக்கும் டிராயிங் அறை அவள் பொறுப்பு. அவருடைய மூத்த மகளைவிட ஒரு வயது சின்னவள். அவள் சிவப்பு முத்திரை குத்தாமல் ஒரு டிராயிங்கும் மாடியிலிருந்து கீழே இறங்காது. அதனால் குழப்பம் வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தேடித்தான் படியேறுவார்கள். பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் குழம்பி இறங்குவார்கள்.

அவர் ஃபைலை மேசையில் வைத்தார். டிராக்டரில் பிரேக் பெடலைத் தாங்கும் பிராக்கெட்டுக்கான ஒப்புதல் ஃபைல். வாங்கும் கம்பெனி அதை மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பியிருந்தது.

"எதுக்குத் திருப்புனாங்க சார்?"

"முதல்ல எல்லாத் தாளும் ரிவிஷன் பி-ன்னு போச்சு. டிராயிங் மாறி அடுத்த எழுத்து சி வந்திருச்சேன்னாங்க. முகப்புத் தாளை சி-ன்னு மாத்துனேன். அளவு ரிப்போர்ட் பி-ன்னு இருக்குதுன்னாங்க. அதையும் மாத்துனேன். இப்ப செய்முறைத் தாள் பி-ங்கறாங்க. அதை மாத்துனா தேதி உதைக்குது. தேதியை மாத்துனா ரிப்போர்ட் உதைக்குது."

"பிராக்கெட் என்ன எழுத்து?"

"பிராக்கெட்ல எழுத்து ஏதும்மா? பார்ட் நம்பர் மட்டுந்தான் அடிச்சிருக்கும்."

"போய்ப் பார்த்துட்டு வாங்க."

"என்னத்தைப் பார்க்கறது?"

நஸ்ரீன் வேறு டிராயிங்கில் முத்திரை குத்தத் தொடங்கியிருந்தாள்.

சென்னியப்பன் இறங்கினார். மாதிரிக்கு எடுத்து வைத்திருந்த ஆறு பிராக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பர் இருந்தது. எழுத்து இல்லை. மேலே வந்தார்.

"இல்லையே அம்மணி."

"சரி."

"என்ன சரி? சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள ஃபைல் போகலைன்னா ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிரும்னு முதலாளி காலையிலேயே சொல்லிட்டாரு. அதை நம்பி நாப்பது பேர் இருக்கறாங்க. இப்ப மணி ரெண்டு. நீ பார்த்துட்டு வாங்கங்கற, பார்த்துட்டு வந்தா சரிங்கற. எனக்கு ஒண்ணுமே புரியலை."

அவள் புதிதாக ஒரு முகப்புத் தாளை அச்செடுத்து அவர் முன்னால் வைத்தாள். கம்பெனி பெயர் இருந்தது. பார்ட் நம்பர் இருந்தது. ரிவிஷன் கட்டம் மட்டும் காலி.

"கையெழுத்துப் போடுங்க சார்."

"கட்டம் காலியா இருக்குதே."

"பரவாயில்லை, போடுங்க."

"எதுக்குப் போடறோம்னே தெரியாம எப்படிம்மா கையெழுத்துப் போடறது?"

"மூணு தடவை போட்டிருக்கீங்களே."

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷ சர்வீஸ். இந்தப் பெண் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அவர் அளவு பார்க்கும் வெர்னியரைப் பிடித்தவர். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"அம்மணி," என்றார். குரல் இறங்கியிருந்தது. "பி-க்கும் சி-க்கும் என்ன வித்தியாசம்?"

நஸ்ரீன் அவருடைய ஃபைலிலிருந்தே சி டிராயிங்கை உருவி விரித்து வைத்தாள்.

மேல் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரே ஒரு வரி. உள்மூலை வளைவு இரண்டு மில்லிமீட்டரிலிருந்து நான்காக மாற்றப்பட்டது. காரணம், சோதனையில் விரிசல்.

மூன்று வாரமாக அந்த வரி அவர் அக்குளில்தான் இருந்திருக்கிறது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்தாரே தவிர, ஒரு தடவைகூடப் படித்ததில்லை. திருப்பி அனுப்பிய புண்ணியவான்களும் எழுத்தைப் பார்த்தார்களே ஒழிய அளவைப் பார்க்கவில்லை.

அவர் படிகளில் வேகமாக இறங்கினார்.

வளைவை அளக்கும் ரேடியஸ் கேஜை எடுத்து, நான்கு என்று போட்ட தகட்டை முதல் பிராக்கெட்டின் மூலையில் வைத்தார். உட்காரவில்லை. அடியில் வெளிச்சம் தெரிந்தது. இரண்டு என்று போட்ட தகட்டை வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

அடுத்தது. அதற்கடுத்தது. ஆறும் அப்படித்தான்.

எவனோ ஒருவன் டிரெய்லர் நிறையக் கரும்பேற்றி இறக்கத்தில் வருவான். காலை அந்தப் பெடலில் வைத்து முழு பலத்தோடு மிதிப்பான். அந்த முகம் தெரியாதவனை நினைத்துச் சென்னியப்பன் நிஜமாகவே பயந்தார்.

ஆறு பிராக்கெட்டையும் கழிவுக்கான சிவப்புத் தொட்டியில் போட்டார். சத்தம் கேட்டு மெஷின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சட்டைப் பையில் போன் அடித்தது. முதலாளி.

"என்னங்க சென்னியப்பன், சி முடிஞ்சுதா?"

"பேப்பர்ல செஞ்சு மூணு வாரம் ஆச்சுங்க."

"அப்பறம் என்ன?"

"பிராக்கெட்டைத்தானுங்க இனிமே செய்யோணும்."