ஒரு கை கூட

“டைக்ரோமேட்டுக்குப் பதிலா நான் என்ன சேர்க்கணும், டீச்சர்?”

சவரிமுத்து கேட்ட முதல் கேள்வி இதுதான். உட்காரக்கூட இல்லை.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. வாசனைச் சோப்புக்குச் சரக்கு தயாரிக்கும் ஆலையில் தலைமைக் கெமிஸ்ட். டீச்சர் ஹாஜிராவுக்கு முப்பத்துநான்கு. கல்லூரியில் மின்வேதியியல் சொல்லித்தருபவர். அவர் பிறந்தபோது சவரிமுத்து ரசாயனப் பட்டம் வாங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார்.

“எதுவும் சேர்க்க வேண்டாம், சார்” என்றார் ஹாஜிரா.

சவரிமுத்துவுக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடமாக அவர் செய்ததெல்லாம் சேர்ப்பதுதான்.

“எத்தனை நாள் இருக்கு உங்ககிட்ட?”

“முப்பது நாள். அதுக்குள்ள வேற வழி காட்டலைன்னா முதலாளி ஒரு வருஷத்துக்கான டைக்ரோமேட்டுக்கு ஆர்டர் போட்டுருவாரு.”

“போட்டா என்ன?”

சவரிமுத்து உட்கார்ந்தார்.

*

ஆலைக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. பட்டம்மாள் வீட்டுக் கிணறு.

ஆலையில் வேலைக்குச் சேர்ந்த அன்று சவரிமுத்து வழி தெரியாமல் பின்பக்கமாகப் போய் நின்றார். சித்திரை வெயில். பட்டம்மாள் வாளியை இறக்கி இறைத்தாள். “வெயில்ல வந்திருக்கே தம்பி, குடி” என்று சொம்பை நீட்டினாள். அப்படி ஒரு தண்ணீரை அவர் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

இப்போது அந்தக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சள்.

டைக்ரோமேட் ஆரஞ்சு நிற உப்பு. சரக்கிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்வது அதன் வேலை. வேலை முடிந்ததும் அது எங்கேயும் போவதில்லை, பச்சையாக மாறிக் கழிவோடு கழிவாகக் கிடக்கும். போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில் கணக்குக்கு மேல் ஒரு கை போட்டால், அந்த ஒரு கை வேலையே செய்யாமல் மஞ்சளாக வெளியே ஓடும்.

‘எதற்கும் ஒரு கை கூடப் போடவும்.’ ஆலையின் செய்முறைக் குறிப்பில் அந்த வரியை எழுதியவர் சவரிமுத்துதான்.

“போட்டா, இன்னொரு வருஷம் அந்தக் கிணத்துல இறங்கும், டீச்சர்” என்றார்.

*

ஹாஜிரா ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்தார். மெத்தனால் ஊற்றினார். கொஞ்சம் உப்பு. ஆலையின் மூலச்சரக்கு. ஒயர் மாட்டிய இரண்டு கரிக்குச்சிகளை உள்ளே தொங்கவிட்டார். டார்ச் பேட்டரியை உடைத்தால் நடுவில் இருக்குமே, அந்த மாதிரி.

“எலக்ட்ரானை யாரு பிடுங்குறது?” என்றார் சவரிமுத்து.

ஹாஜிரா ஒயரைக் காட்டினார்.

“வேலை முடிஞ்சதும்?”

ஹாஜிரா ஒயரைக் கழற்றிச் சுருட்டி அவர் மடியில் வைத்தார்.

சவரிமுத்து அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவரும் விடுகிற ஆள் இல்லை.

“கரன்ட் நிலக்கரியிலேர்ந்துதானே வருது? என் கிணறு பொழைச்சு, வேற எவன் கிணறோ நாசமாகும்.”

“நல்ல கேள்வி” என்று ஹாஜிரா எழுந்தார். மொட்டை மாடிக்கு அழைத்துப்போனார். அங்கே நான்கு சூரியத் தகடுகள் இருந்தன. துப்பட்டா நுனியால் ஒன்றின் தூசியைத் துடைத்தார்.

“அப்ப மேகம் வந்தா?”

“வரும்” என்றார் ஹாஜிரா.

*

இருபத்தைந்து நாள் சவரிமுத்து மாணவராக இருந்தார். மனுஷன் நல்ல மாணவர். ஆனால் அவர் தோள்பையில் சின்னக் கண்ணாடி பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். உள்ளே டைக்ரோமேட் கரைசல். சிலர் பையில் மாத்திரை வைத்திருப்பார்கள், இவருக்கு இது.

கரிக்குச்சிகளின் இடைவெளி, உப்பின் அளவு, கரன்டின் அளவு எல்லாம் பிடிபட்டது. முதல் பத்து நாள் சரக்கு கருகியது. பிறகு கருகவில்லை.

இருபத்தாறாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார்கள். ஒரு குச்சியில் வேலை நடந்தது. இன்னொரு குச்சியில் பொடிப்பொடியாகக் குமிழ் ஏறியது.

மத்தியானம் மேகம் மூடியது.

கரன்ட் மீட்டரின் முள் இறங்கியது. குமிழ் குறைந்தது. நின்றே போனது.

சவரிமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. ஆலையில் ஒரு கொதிகலன் பாதியில் நின்றால் அவ்வளவும் வீண். அந்த இருபத்திரண்டு வருடம் அவர் கையை இழுத்துக்கொண்டு போனது. பையைத் திறந்தார், மூடியைத் திருகினார், ஊற்றினார். எண்ணி மூன்று நொடி.

குடுவை ஆரஞ்சு ஆனது. கொஞ்ச நேரத்தில் அழுக்குப் பச்சை ஆனது.

ஹாஜிரா திட்டவில்லை. நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை. கால் மணி நேரத்தில் மேகம் நகர்ந்து வெயில் வந்தது.

“வெயில் வந்துருச்சு, சார். நிறுத்தினதைத் திரும்ப ஆரம்பிச்சிருக்கலாம்” என்றார். பிறகு குடுவையைக் காட்டினார். “ஊத்தினதைத் திரும்ப எடுங்க.”



அந்தப் பச்சைத் தண்ணீரை ஹாஜிரா ஒரு சீசாவில் அடைத்துக் கொடுத்தார். சவரிமுத்து அதை வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பிடும் மேசையில், தட்டுக்கு எதிரே வைத்துக்கொண்டார்.

*

இருபத்தொன்பதாம் நாள் மறுபடி ஆரம்பித்தார்கள்.

மேகம் மூன்று முறை வந்தது.

முதல் முறை சவரிமுத்து எழுந்து நடந்தார். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் முறை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

“ஜெபமா, சார்?”

“இல்ல டீச்சர். காவல்.”

ஹாஜிரா வாய்விட்டுச் சிரித்தார். மேகம் போனது. குமிழ் விட்ட இடத்திலிருந்து ஏறியது.

சாயங்காலம் மெத்தனாலை வடித்து எடுத்து, அடுத்த முறைக்கு அதே கேனில் ஊற்றிவைத்தார்கள். உப்பையும் வடிகட்டி எடுத்துவைத்தார்கள். மிஞ்சியதில் நீரும் ஒரு சொட்டு அமிலமும் விட்டதும் அறை முழுக்கச் சோம்பு வாசனை எழுந்தது. சோப்புக்காரர்கள் கேட்கும் அதே வாசனை.

“கழிவைக் கொண்டாங்க” என்றார் ஹாஜிரா.

சவரிமுத்து தேடினார். குச்சியைச் சுரண்டினார். ஒரு டீஸ்பூன் கரிப்பிசின் வந்தது. அதை உள்ளங்கை அகலக் கண்ணாடியில் வைத்து நீட்டினார். அழுதார். சந்தோஷத்தில் அழுவதை மறைக்கிற வயதை அவர் தாண்டியிருந்தார்.

முப்பதாம் நாள் முதலாளி மோந்து பார்த்தார். அந்தக் கரண்டிக் கழிவையும் பார்த்தார். டைக்ரோமேட் ஆர்டரைக் கிழித்துப் போட்டார்.

*

மறுநாள் சவரிமுத்து ஒரு தட்டு நிறையப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்.

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, டீச்சர்.”

“பழம் இருக்கட்டும். கிணத்தடிக்குப் போங்க. என்ன நின்னுச்சு, என்ன நிக்கலைன்னு அந்தக் கிணத்துக்காரம்மாகிட்ட நீங்களே உங்க வாயால சொல்லிட்டு வாங்க.”

சவரிமுத்துவின் முகம் வெளுத்தது. ஆனாலும் போனார்.

இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன். இனிமே ஆலையிலேர்ந்து மஞ்சத் தண்ணி வராதுக்கான்னு சொன்னேன். ஆனா ஏற்கெனவே இறங்கினது இறங்கினதுதான், கிணறு இப்போதைக்கு நல்லாகாதுன்னும் சொன்னேன். ‘ஒரு கை கூடப் போடு’ன்னு எழுதினது நான்தான்னும் சொல்லிட்டேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”



“ரொம்ப நேரம் கிணத்தையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் உள்ள போயி, குடத்துலேர்ந்து மொண்டு வந்தாங்க. ரெண்டு கிலோமீட்டர் நடந்து குழாயில பிடிச்சு இடுப்புல சுமந்துட்டு வந்த தண்ணி, டீச்சர். ‘வெயில்ல வந்திருக்கே தம்பி, குடி’ன்னாங்க.”

“குடிச்சீங்களா?”

“ஒரு சொட்டு கீழ விடாம குடிச்சேன்.”

ஹாஜிரா தலையைக் குனிந்துகொண்டார்.

சவரிமுத்து தோள்பைக்குள் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தார். அதே சின்னக் கண்ணாடி பாட்டில். உள்ளே மஞ்சளாக இருந்தது.

ஹாஜிரா நிமிர்ந்தார். “இன்னும் பழக்கம் விடலையா, சார்?”

“இது கிணத்துத் தண்ணி, டீச்சர். ஊத்தினதைத் திரும்ப எடுக்கக் கத்துக்குடுங்க.”

ஹாஜிரா பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எத்தனை நாள் இருக்கு உங்ககிட்ட?”

“இருக்கிற வரைக்கும்” என்று சவரிமுத்து, சுருட்டி வைத்திருந்த ஒயரைப் பிரிக்க ஆரம்பித்தார்.