தடித்த குழாய்

இதை எனக்கு முதலில் சொன்னது தக்கலை ஸ்டெல்லா மைனி. நாலு வருஷம் முன்னே, பெரிய வெள்ளிக்கிழமை, கோயிலில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது.

"ஆசானே, காருல ரெண்டு ஏசிக் குழாய் இருக்கு. கேஸ எதுல ஏத்தணும்?"

கேட்டவர் தங்கையன். ஒரு காலத்தில் ஞானாபரணம் ஆசானின் ஒர்க் ஷாப்பில் எஞ்சின் வேலை படித்தவர். இப்போது ரேஷன் கடையில் இருக்கிறார். கையில் புது கேஸ் டப்பா.

"வண்டிய இங்க விட்டுட்டுப் போவும். நாளன்னைக்குத் தாறேன்."

"நாளைக்கு அம்மைக்கு டயாலிசிஸ். போன தடவை வெயில்ல வழியிலயே மயங்கிட்டா. போன்ல எல்லாம் பாத்துட்டேன், ஆசானே. குழாய மட்டும் சொல்லும்."

ஆசான் எழுந்தார். சோற்றுப் பாத்திரத்தைக் கையில் எடுத்தார்.

"வாரும்."

இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. முற்றத்தில் ஒரு கார், நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காருக்குள்ளே ஒருத்தர்.

"யாரு?"

"நான்தான், ஜஸ்டஸே. கூட நம்ம தங்கையன். உனக்குப் பொறவு எங்கிட்ட படிச்சவன்."

"ஏறும் ஓய்! குளிரப் பாரும். நானே கேஸ் அடிச்சது."

தங்கையன் ஏறிக் கதவைச் சாத்தினார். நல்ல குளிர்.

அப்புறம்தான் அந்த முகத்தைப் பார்த்தார். இரண்டு கண்ணும் பால் படிந்ததுபோல வெளுத்துக் கிடந்தன.

"எப்படி ஆச்சு?"

"கேஸ் ஏறி முடிஞ்சுது. ஹோசக் கழட்டினேன். மிச்சம் கிடந்தது முகத்துல அடிச்சுது. சுடுதுன்னு நெனச்சேன். ஐஸு ஓய்! கண்ணு உறைஞ்சு போச்சு."

"கண்ணாடி போடலியா?"

"இருந்துதே. வீட்டுக்குள்ள, மேசை மேல."

ஜஸ்டஸ் சிரித்தார். தங்கையனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"குழாய் மாறிப் போச்சோ?"

"சே! ஆசான்கிட்ட போன்ல கேட்டுட்டுல்லா செஞ்சேன். தடிச்ச குழாய்னு சொன்னாரு. அதுலதான் மாட்டினேன். சரியாத்தான் சொன்னாரு."

ஆசான், ஜஸ்டஸுக்குத் தினமும் கொண்டுவரும் சோற்றுப் பாத்திரத்தோடு வெளியே வெயிலில் நின்றார். பிறகு குனிந்து, கார்க் கண்ணாடி வழியே தங்கையனைப் பார்த்தார்.

"கேட்டது கெடச்சுதுல்லா? போவும்."

தங்கையன் கதவைத் திறக்கப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கேஸ் டப்பாவைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இன்றைக்கு ஜெபிக்கும்போது, அந்த ஆசானையும் ஒரு வார்த்தை நினைத்துக்கொள்ளுங்கள்.