யானை உசரத்துக்கு டயர்

சங்ககிரிப் பட்டறைக்கு ஒரு இழுவை வண்டி வந்தது. பழுதாகி நின்ற லாரிகளை மலைமேல் இழுத்துப் போகிற வண்டி. பின்னாலேயே வயிற்றைத் தள்ளிக்கொண்டு, பட்டறைக்கும் வண்டிக்கும் முதலாளியான பெரியண்ணன் வந்தார்.

"யானை உசரத்துக்கு டயர் மாட்டுய்யாஆ! பார்க்கிறவன் கும்பிடணும்! அச்சுல இருக்கிற பல்சக்கரத்துல கைய வெச்சே, வேலை காலி!"

கிரீஸ் போடும் சடையன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அந்த வண்டியை ஓட்டப்போவது அவன் தம்பி. பெரிய டயரால் இழுவை பத்தாமல் பாதி மேட்டில் பின்னால் உருண்டால்?

"ஆகட்டுங்க முதலாளி. அதுக்கு முன்னால இந்த ஜாக்கியை நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க."

"ஹஹ்ஹா! பூ மாதிரி இருக்கு!"

"இப்பக் கையை நீட்டிப் பிடிங்க. டயர் பெருசானா அச்சுக்கும் இப்படித்தான், பாரம் தள்ளிப் போயிடும்."

கை நீண்டது. மீசை நடுங்கியது. முகம் மிளகாய்ப் பழமானது. பட்டறையே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"ஏய்ய்... கனக்குதுடா! கிட்ட இழுத்துக்கவா?"

"கேட்டீங்களாப்பா! பாரம் கிட்ட இருக்கணுமாம், சின்ன டயரே போதும்னு முதலாளியே சொல்லிட்டாரு! அச்சுக்குப் பெரிய பல்சக்கரமா மாத்திரட்டுங்களா? வேகம் குறையும், இழுவை கூடும்."

"எதையாச்சும் மாத்தித் தொலை! முதல்ல இதைப் பிடிடாஆ!"

மறுநாள் மத்தியானம் தம்பி மலை உச்சியிலிருந்து போன் செய்தான்.

"அண்ணே, லோடு லாரியோட ஏறிட்டேன். ஒரு சாண்கூடப் பின்னால நகரல."

சடையன் அப்புறம்தான் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தான்.