மன்னர் கழுத்தில் தொங்கிய தகடு

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வரும் ஒரு நாட்டில், படைவீரர் அத்தனை பேரும் கழுத்தில் தகடு அணிய வேண்டும் என்று மன்னருக்கு ஆசை வந்தது. பெயர், வீடு, மனைவி பெயர், அங்க அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். கோட்டை வாசலில் காவலன் அதை உரக்கப் படித்த பிறகே உள்ளே விடுவான். யோசனை சொன்னவர் சேனாதிபதி வீரசேகரர்.

அவையின் விகடகவி நல்லாண்டிக்குச் சிரிக்க வைத்தே அலுத்துப்போயிருந்தது. ஒருநாள் முத்திருளன் என்ற வீரன் அவர் முன் வந்து அழுதான்.

"ஐயா, காவலன் என் தகட்டைப் படித்ததை எவனோ வாசலில் நின்று கேட்டிருக்கிறான். நேரே என் வீட்டுக்குப் போய், 'உன் புருஷனுக்கு அடிபட்டுவிட்டது, வைத்தியத்துக்குக் காளைகளைக் கொடு' என்றிருக்கிறான். முதுகு மச்சத்தைச் சொன்னதும் அவள் நம்பிவிட்டாள். காளை இல்லாமல் எப்படி உழுவேன்?"

நல்லாண்டி இதை அவையில் சொன்னார். சேனாதிபதி இளித்தார்.

"கோமாளிக்குப் படை விவகாரம் எதற்கு? மன்னா, மீதித் தகடுகளை இவரே எழுதட்டும். படையில் ஒருவர் விடுபட்டாலும் தலை போகும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

நல்லாண்டி பெருமூச்சு விட்டார். முதல் தகட்டைப் பொன்னில் செய்து மன்னர் கழுத்தில் போட்டார்.

"படைக்கே தலைவர் தாங்கள்தானே?"

மன்னருக்குப் பெருமை தாங்கவில்லை. எதையும் தாமே படிக்கும் வழக்கமும் அவருக்கு இல்லை.

மறுநாள் வேட்டையிலிருந்து திரும்பியவரைக் காவலன் மறித்தான். சந்தைக் கூட்டம் வேடிக்கை பார்க்க, பொன் தகட்டை உரக்கப் படித்தான்.

"வீடு: அரண்மனை மேல்மாடம், தோட்டத்துப் பக்கம், தாழ்ப்பாள் சரியாக விழாத அறை. மனைவியர்: நால்வர்..."

"மூணுன்னுல்ல சொன்னாங்க!" என்றாள் கீரைக்காரி.

"அங்க அடையாளம்: இடது பிட்டத்தில்..."

"நிறுத்தடா!" என்று அலறினார் மன்னர்.

"நிறுத்தக் கூடாது மன்னா, சேனாதிபதியின் உத்தரவு" என்றார் கூட்டத்தில் நின்ற நல்லாண்டி, களைத்த குரலில். "தாழ்ப்பாளை இன்றே மாற்றிவிடலாம். மச்சத்தை எப்படி மாற்றுவது? முத்திருளனுக்கும் இதே கஷ்டம்தான்."

மன்னர் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

தகடுகள் அன்றே உருக்கப்பட்டன. இனி எழுத்தில்லாத தகட்டை இரண்டாக ஒடித்து, ஒரு பாதி வீரனிடம், மறுபாதி கோட்டைக்குள். இரண்டும் பொருந்தினால் போதும். சேனாதிபதியின் தொழுவத்திலிருந்து முத்திருளனுக்கு ஒரு ஜோடிக் காளை போயிற்று.

"உமக்கும் ஒரு ஜோடி அனுப்புகிறேன் நல்லாண்டி. வீடு எந்தத் தெருவில்?" என்று அதே வாசலில் வைத்துக் கேட்டார் மன்னர்.

நல்லாண்டி கூட்டத்தை ஒருமுறை பார்த்தார்.

"கயிற்றைக் கையில் கொடுங்கள் மன்னா. நானே ஓட்டிப் போய்க்கொள்கிறேன்."